மோட்டார் அறையில் ஒன்பது வினாடி

மார்ச் 11, செவ்வாய், காலை 6.40. படத்தில் நான் வருவது மொத்தம் ஒன்பது வினாடி.

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறாயா? நான் நலம், இளைக்கவில்லை.

நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் கட்டடத்தில் போன மாதம் ஒருவர் கேமராவோடு திரிந்தார். நகரத்தின் அன்றாடத்தைப் பற்றிக் குறும்படமாம், பேச்சே கிடையாது. ஞாயிறன்று போட்டுக் காட்டினார். மோட்டார் அறையில் நான் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே சாப்பிடுகிறேன். யாருமில்லாமல் தனியாகப் புலம்புகிறேன் என்று நினைத்து, பக்கத்து இருக்கைப் பெண்மணி அழுது மூக்கை உறிஞ்சினார். எனக்கு எரிச்சல்.

“சார், காதுல இயர்போன் இருக்கு. எங்கம்மாகிட்ட பேசுறேன். அதைப் படத்துக்குக் கீழ எழுத்துல போடுங்க.”

“போனைப் பாருப்பா” என்று இயக்குநர் காட்சியை நிறுத்தினார். சாப்பாட்டு டப்பா அருகே என் போன். லைன் கட்டாகிக் கிடந்தது. அதன்பிறகும் பேசுகிறேன்.

“யார்கிட்டடா பேசின, மோட்டார்கிட்டயா?” என்று கூட வந்திருந்த என் சூப்பர்வைசர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மோட்டார் இரைச்சலில் லைன் போனது தெரியவில்லை. “ஒரு மாசம் லீவு போட்டு வீட்டுக்கு வரட்டுமாம்மா?” என்று படம்பிடித்த அன்றுதான் கேட்டேன். பதில் வராததால் வேண்டாம் என்கிறாய் என்று நினைத்து, பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

என் பழைய போர்வையை அனுப்பு. வேலைக்கு நேரமாகிறது. இனிச் செய்யப்போவது:

1. எழுத்து வேண்டாம், படம் அப்படியே இருக்கட்டும் என்று இயக்குநரிடம் சொல்வேன்.
2. இனி மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.
3. இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. தெருவில் இறங்கி நின்று உன்னைக் கூப்பிட்டு, லீவு பற்றி மறுபடி கேட்பேன். எதுவானாலும் வாயைத் திறந்து சொல்.