கையில்லாத பொம்மை

அடி அண்ணாமலை
8.10.2025

அன்புள்ள பொன்னியக்காவுக்கு,

நல்லா இருக்கீங்களானு கேக்க வேண்டியதில்ல, எதிர்லதான் அரிசி களையறீங்க. ஒரே அங்கன்வாடில நான் டீச்சர், நீங்க ஆயா. வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. வேற வழியில்லாம லெட்டர் எழுதறேன்.

இன்னிக்குத் திட்டத்துல என்ன போட்டிருக்கேன்? பத்தரைக்குக் கட்டை அடுக்கறது, பதினொன்னரைக்குப் பொம்மைக்குச் சோறூட்டறது. கட்டையும் பொம்மையும் பீரோவுல. பீரோ சாவி உங்க இடுப்புல. புள்ளைங்களைக் காத்தையா அடுக்கச் சொல்றது? பொறுத்துப் பாத்துட்டு, பௌர்ணமிக்குப் பாத்த மாதிரியே பீரோவைச் சுத்தி "அரோகரா"னு கிரிவலம் கிளம்பிடுச்சிங்க. சுவத்துக்கும் பீரோவுக்கும் நடுவுல தென்றல் பாப்பா மாட்டிக்கிட்டு ஒரே அலறல்.

சாவியைக் குடுத்துடுங்க, தாயே!

திரௌபதி

8.10.2025, மாலை

டீச்சருக்கு,

கடுதாசி கிடைச்சுது. சாவி கிடைக்காது.

சூப்பர்வைசர் மேடம் வந்து, "பொம்மைக்கு ஒரு கை எங்க?"னு கேட்டப்ப, "ஆயா கவனிக்கலைங்க மேடம்"னு சொன்னது யாரு? அதுவும் தாய்மாருங்க எல்லாம் நிக்கறப்ப! பதினெட்டு வருசமா இந்த ஊர் புள்ளைங்க மூக்கைத் தொடைக்கிறேன். இனிமே ஒண்ணும் உடையாது. பூட்டி வச்சா எப்படி உடையும்?

மத்தபடி, நாளைக்கு முட்டை நாலு கம்மி.

கவனிக்காத ஆயா,
பொன்னி

13.10.2025

அக்கா,

வல்லரசோட அம்மா வந்து ஒரே சண்டை. "சோறு தின்னுட்டுத் தூங்க எங்க வீடே இருக்கே, இங்க எதுக்கு?"னு அவனை டவுன் ஸ்கூல் வேன்ல ஏத்தி விட்டுட்டாங்க. அதைப் பாத்து இன்னும் ரெண்டு வீட்டுலயும் புள்ளைங்களை நிறுத்திட்டாங்க. பதினாலு பேர் இருந்தது பதினொண்ணாயிடுச்சி. இன்னும் ரெண்டு பேர் போனா இந்த சென்டரையே பக்கத்து ஊரோட சேத்துடுவாங்கனு மேடம் போன்ல சொல்றாங்க. அப்ப அந்தப் பீரோவைக் கட்டிக்கிட்டு அழுவீங்களா?

மேடம் எதிர்ல பயந்துட்டேன்கா. எம்மேல வந்துடுமோனு உங்களைக் கை காட்டிட்டேன். தப்புதான். போதுமா?

திரௌபதி

13.10.2025, மாலை

டீச்சருக்கு,

போதாது. ஊரே நிக்கறப்ப சொல்லிட்டு, பேப்பர்ல தனியா வாபஸ் வாங்குறீங்களா?

பொன்னி

14.10.2025

அக்கா,

அந்த மலை நகந்தாலும் நீங்க நகர மாட்டீங்க. நாளைத் திட்டத்தைப் படிச்சிக்குங்க. பத்து மணிக்குத் தாய்மார் கூட்டம். பத்தேகாலுக்கு டீச்சர் எல்லார் எதிர்லயும் பொன்னியக்காகிட்ட மன்னிப்புக் கேக்கறது. பத்தரைக்குக் கட்டை. இதுக்கு மேல என்ன, காவடி எடுக்கணுமா?

திரௌபதி

15.10.2025, மாலை

டீச்சரம்மா,

சொன்ன மாதிரியே கேட்டீங்க. சமையல்கட்டுலேர்ந்து கேட்டுட்டுதான் இருந்தேன், வெளிய வர முகமில்ல. சாவியைத் தென்றல்கிட்ட குடுத்தனுப்பினது அதனாலதான்.

அந்தக் கையை உடைச்சது நான்தான். மேடம் வர்றதுக்கு முந்தின வாரம் ஒரு நாள் நீங்க மீட்டிங் போயிருந்தீங்க, புள்ளைங்க தூங்கிட்டிருந்துதுங்க. பழைய ரவிக்கைத் துணியில பொம்மைக்கு ஒரு சட்டை தைச்சி மாட்டிப் பாத்தேன். இழுத்ததுல கை கழண்டு வந்துடுச்சி. நீங்க என்னைக் காட்டினப்ப அவ்ளோ ஜாஸ்தியா கோவம் வந்தது எதுக்குனு நினைக்கறீங்க? அம்பத்திரெண்டு வயசுல பொம்மை வச்சி விளையாடினேன்னு யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?

நாளைக்குத் தாய்மாருங்ககிட்ட நானே சொல்லிடறேன். வல்லரசு வீட்டுக்கும் போய்ப் பேசறேன். ஒண்ணே ஒண்ணு, திட்டத்துல பொம்மைக்குப் போடற அரை மணி நேரம், என்னையும் புள்ளைங்களோட உக்கார விடுங்க.

பொன்னி