மூன்று ஜோடியும் தேய்ந்த விதம்

3.2.1997

அன்பு மகன் கதிருக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி மெர்சி எழுதுவது. கான்பூர்க் குளிரில் உன் நெஞ்சுச் சளி குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே மூன்று பேரும் சோறு தின்கிறோம், வேலைக்குப் போகிறோம், அதற்கு மேல் நலம் என்று சொல்ல இந்தத் தடவை எனக்கு வாய் வரவில்லை. ஆடு குட்டி போட்டது, இரண்டும் கிடா. மெர்சி பி.ஏ. சான்றிதழை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூரில் ஒரு மில் ஆபீசுக்கு டைப் அடிக்கும் வேலை கேட்டுப் போனாள், கேட்ட கேள்விக்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறாள், வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

நீ ஆவணியில் காலுக்குப் போட மூன்று ஜோடி அனுப்பினாய். மூன்றும் மூன்று தரம், ஆறு மாதம் தினமும் போட்டு நடந்து, தோல் எப்படி ஆனது என்று அட்டையில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும், அது ஒழுங்காக முடிந்தால்தான் செருப்புக் கம்பெனியில் உன்னை நிரந்தரம் ஆக்குவார்கள் என்றாய். ஒளிக்காமல் சொல்கிறேன், கேட்டுக்கொள். சி என்று ஒட்டியிருந்தது மெர்சியுடையது. வந்தபோது மூன்றிலும் அதுதான் பளபளப்பு. பஸ் ஏறி இறங்கி இரண்டே மாதம், விரல் மடங்கும் இடத்தில் கோடு விழுந்து, கோடு வெடித்து, மேல்பூச்சு சுருள் சுருளாக உரிந்துவிட்டது, உள்ளே நனைந்த அட்டை மாதிரி இருக்கிறது. தோலைச் சீவி மேல்பக்கத்தை நல்ல வேலைக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்துக்குச் சாயம் பூசியது என்று அப்பா முதல் நாளே முகர்ந்து பார்த்துச் சொன்னார். பி ஜோடி என்னுடையது. காங்கேயத்தில் எண்ணெய் மில் களத்தில் தேங்காய்ப் பருப்பைக் கிளறுகிற காலில் கிடந்து, எண்ணெய் ஏறி ஏறிக் கருத்து, வார் மெத்தென்று ஆகி, என் சுண்டுவிரல் புடைப்புக்கு இடம் கொடுத்துவிட்டது. ஒரு தையல் விடவில்லை. நான் சாய்ந்து நடப்பதால் குதிகால் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, அது தோலின் குற்றமில்லை.

ஏ ஜோடி அப்பாவின் ஷூ. நாலு மாதம் கழித்து நீ விசாரித்தபோது, அடி தேயவே இல்லை, பின்பக்கத்து மேல்விளிம்பு மட்டும் கருத்திருக்கிறது என்று மெர்சி எழுதினாள். அதற்கு நீ எழுதிய பதில் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அப்பா ஷூவைப் பூட்டி வைத்துச் சூடம் காட்டுகிறாரா, சொன்ன ஒரு வேலையைச் செய்ய மாட்டாரா, அவரால் என் வேலை போகும் என்று எழுதியிருந்தாய். கண்ணு, அந்தக் கருப்பு கைவிரல் வேர்வை. நம் சனத்தின் வளவிலிருந்து ரோட்டுக்குப் போக ஊர்த்தெரு ஒன்றுதான் வழி, அதில் நாம் செருப்புக் காலோடு போக முடியாது. நானும் மெர்சியும் பைக்குள் போட்டுக்கொண்டு போவோம், அப்பா கையில் பிடித்துக்கொண்டு போவார். அவர் வேலை செய்கிற பண்ணாடி தோட்டத்திலும் போட முடியாது. வாரத்தில் ஒரு நாள் சந்தைக்குப் போனால்தான் அந்த ஷூ தரையைத் தொடும். எட்டு வயதில் மிஷன் ஆஸ்டலுக்குப் போனவன் நீ, லீவுக்கு வரும்போது நீயும் கையில்தான் எடுத்து வந்தாய். மறக்க வேண்டும் என்றுதான் உன்னை அனுப்பினோம், இவ்வளவு நன்றாக மறப்பாய் என்று நினைக்கவில்லை.

உன் பதிலைப் படிக்காதே என்று நான் கண்ணைக் காட்டினேன், மெர்சி ஒரு எழுத்து விடாமல் அப்பாவுக்குப் படித்துவிட்டாள். மறுநாள் காலையில் அவர் ஷூவை மாட்டிக்கொண்டு, உன் கம்பெனி அட்டையை பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வேண்டாம் என்றேன். இங்கிலீசுல அச்சடிச்சு சீல் குத்தியிருக்குது புள்ள, யாராச்சும் கேட்டா காட்டிக்கிறேன், நாம என்ன நம்ம இஷ்டத்துக்கா போடறோம், கம்பெனி உத்தரவு என்றார். டீக்கடை முன்னால் பண்ணாடி மகன் சின்னப் பண்ணாடி உட்கார்ந்திருந்தான், எஞ்சினியரிங் காலேஜில் படிக்கிறவன், உன்னைவிட இரண்டு வயது சிறியவன். என்றா நஞ்சா, மாப்பிள்ளையாட்டம் போற, பொண்ணு எந்த ஊர்டா என்றானாம். அப்பா அட்டையை எடுத்து நீட்டி, சாமி, இது சோதனைங்க, ஆறு மாசம் நடக்கோணும்னு உத்தரவுங்க என்றிருக்கிறார். அவன் அதை வாங்கிச் சத்தமாகப் படித்துத் தமிழில் சொன்னானாம். தண்ணீர் பட்டால் எப்படி என்று ஒரு வரி. ஷூவைக் கழற்றச் சொல்லி மாட்டுத்தொட்டியில் முக்கினார்கள். வெயில் என்று ஒரு வரி. ஷூவைக் கையில் கொடுத்து அப்பாவை நடுத்தெருவில் மத்தியானம் வரை நிற்க வைத்தார்கள். எல்லா வரியும் முடிந்தபிறகு, கம்பெனிக்காரன் ஒண்ண உட்டுப்போட்டானே, கடிச்சாத் தாங்குமான்னு பாக்கோணுமில்ல என்று சொல்லி, இரண்டையும் கயிற்றால் கட்டி அப்பாவை வாயில் கவ்வச் சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மூன்று தடவை நடக்க விட்டான். கீழ போட்டீன்னா மறுக்கா மொதல்ல இருந்து என்றானாம். டீக்கடை பாலுசாமி, போதும் உடுங்க தம்பி, வயசான மனுசன் என்றதற்கும் சிரித்திருக்கிறார்கள். அவர்தான் இதையெல்லாம் பிறகு எனக்குச் சொன்னவர். மூன்றாவது நடையின்போது மெர்சி பஸ் இறங்கி வந்திருக்கிறாள். இதை எழுதும்போது இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்தாள், எழுது அம்மணி, அவன் படிக்கட்டும் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா செய்த முதல் வேலை, ஷூவை நிழலில் காயவைத்து, ஈரத்துணி போட்டு, கரண்டிக் காம்பால் பல் தடத்தைத் தேய்த்தது. இரண்டு நாள் தேய்த்தார். மேலே நாலு, கீழே மூன்று. மெர்சியோட தோலா இருந்தா பூச்சு உரிஞ்சு அடையாளமே தெரியாமப் போயிருக்கும் புள்ள, இது நல்ல தோலு, பட்டத அப்படியே வச்சுக்கும் என்றார். சந்தையில் மாட்டுக்குத் தரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கக் கூசுகிற உன் தங்கச்சி, எங்களிடம் சொல்லாமல் நாலு பக்கம் மனு எழுதி, ஏ ஜோடியை மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு போய்ப் போலீஸ் அதிகாரி மேசையில் வைத்துவிட்டாள். வழக்கு எழுதிவிட்டார்கள், ஷூ அங்கேதான் இருக்கிறது. 24ஆம் தேதி விசாரணை, அப்பா நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அவர் நாய் கடித்தது என்று சொல்லப்போகிறார். நாய் கவ்வீட்டுப் போயிருச்சுங்க, புள்ள வெவரம் தெரியாம எழுதிப்போட்டுதுங்க என்று சொன்னால் ஷூவைத் திருப்பித் தருவார்களாம், மாசக் கடைசிக்குள்ள பையனுக்கு அனுப்பிப்போடலாம், அவன் வேல நெலச்சிரும் என்கிறார். பண்ணாடி வீட்டுக்கும் அப்படியே சொல்லி அனுப்பிவிட்டார். மெர்சியோடு பேசுவதில்லை, அவள் வைக்கிற தட்டில் சாப்பிடுவதில்லை.

என் பேச்சு அவரிடம் ஏறவில்லை. நீ சொன்னால் ஏறும், நீ போடு என்றாய், போட்டுக்கொண்டு நடந்தார் அல்லவா. அதனால் அவர் பெயருக்கு ஒரு கடிதம் எழுது. ஷூ வேண்டும் என்று எழுதினால் அவர் நாய் என்பார், உன் வேலை நிலைக்கும், உன் தங்கச்சி பொய் மனு கொடுத்தவள் ஆவாள், அந்தத் தெருவில் தினமும் அவள்தான் நடக்க வேண்டும். வேண்டாம் என்று எழுதினால் அவர் நடந்ததைச் சொல்வார், நீ வேறு இடத்தில் வேலை தேட வேண்டியிருக்கும். எதை எழுது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் விருப்பம் என்று மட்டும் எழுதி அவர் தலையில் வைக்காதே. போன் பண்ணாதே, ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சரி கண்ணு, சரி கண்ணு என்பார், ஒன்றும் காதில் விழாது.

பி, சி இரண்டையும் பார்சலில் போட்டிருக்கிறேன். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கு, இருமலுக்கு மிளகு தட்டிப் பாலில் குடி. நீ நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். அங்கிருந்து தபால் வந்துசேர ஆறு நாள் ஆகிறது, 17ஆம் தேதிக்குள் பெட்டியில் போட்டுவிடு. இன்று காலையில் அப்பா மெர்சியிடம் அல்ல, என்னிடம்தான் கேட்டார், அவன் லெட்டரு வந்துச்சா புள்ள என்று.

இப்படிக்கு உன் அம்மா
வள்ளியாத்தாள் (இடது பெருவிரல் ரேகை)