கலவன் எடுத்த வாரம்

மார்கழி 2, புதன்

காலையிலிருந்து தூறல். விதை ஆபீசர் சனிக்கிழமை வருகிறாராம். அதற்குள் விதைநெல் வயலில் கலவன் எடுக்க வேண்டும், வேறு ரகப் பயிர் ஒன்று நிற்கக் கூடாது. கொல்லை பம்ப் செட்டுக்கு கிரீஸ், காது கிழியக் கத்துகிறது. கமலாவுக்கு முட்டி வலித் தைலம்.

நேற்று மகன் செந்திலை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் போனது வீண். போன மாதம் கல்யாணப் பேச்சு எடுத்தபோதுதான் சொன்னான், பெண் வேண்டாம், ஆண்கள் மேல்தான் மனசு போகிறது என்று. இருபத்தாறு வயதுப் பிள்ளை, என் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மனநல டாக்டரிடம் காட்டினால் மாற்றிவிடுவார் என்று கமலாவின் தம்பி, என் மைத்துனன் குமரேசன்தான் கிளப்பிவிட்டான்.

டாக்டரம்மா சின்ன வயசு. "இது வியாதியே இல்லைங்க. மாத்துறேன்னு வைத்தியம் பண்றது தப்பு. கோர்ட்டே தடுத்திருக்கு. என் லைசென்ஸ் போயிடும்." இரண்டு பஸ் மாறிப் போனவனுக்கு எரிச்சல் வராதா? வைத்தியம் பண்ணமாட்டேன் என்று சொல்ல ஒரு டாக்டர்! கிளம்பும்போது என்னிடம் கேட்டார், "பையன் ராத்திரி தூங்குறாருங்களா?" தெரியவில்லை. ஒரே வீடு. தெரியவில்லை.

மார்கழி 3, வியாழன்

மழை இல்லை. கிரீஸ் வாங்க மறந்தாச்சு.

குமரேசன் போன். சீர்காழிப் பக்கம் ஒருவர் இருக்கிறாராம். ஒரு மாதம் அங்கேயே தங்க வேண்டும். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். யாரும் போய்ப் பார்க்கக் கூடாது. "தடையெல்லாம் டாக்டருங்களுக்குத்தான் அத்தான். இவரு டாக்டரே இல்லையே. முன்ன வைத்தியம்னு போர்டு இருந்துச்சு, இப்ப மன அமைதிப் பயிற்சின்னு மாத்திட்டாரு." என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கும்." ஞாயிறு காலை கார் கொண்டு வருகிறான். சரி என்று சொல்லிவிட்டேன்.

செந்தில் கேட்டுக்கொண்டுதான் நின்றான். "நீங்க சொன்னா போறேம்ப்பா." அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தேவலை.

மார்கழி 4, வெள்ளி

வெயில். கலவன் எடுத்தாச்சு. ஆள் கிடைக்கவில்லை. செந்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தானாக வந்தான். கதிர் வரும்போதுதான் வேறு ரகம் கண்ணில் படும். உயரம், இலை நிறம் பார்த்து வேரோடு பிடுங்கி வெளியே போட வேண்டும். விட்டால் விதை கலந்துவிடும்.

ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"இது நோயாப்பா?"

"நோயெல்லாம் இல்ல. நெல்லுதான். நம்ம ரகம் இல்ல."

"மருந்தடிச்சா நம்ம ரகமா மாறிடுமா?"

"நல்லா கேட்ட போ! பிறவியே அப்படி. மருந்தடிச்சா செத்துத்தான் போகும்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவன் குனிந்து அடுத்ததைத் தேடினான். எனக்குச் சேற்றிலிருந்து கால் வரவில்லை.

குமரேசனிடம் வாக்குக் கொடுத்தாச்சு. என்ன செய்ய?

மார்கழி 5, சனி

ஆபீசர் வந்தார். வயல் பாஸ். ஒரு கலவன்கூட இல்லை என்று பாராட்டினார். சந்தோஷமே வரவில்லை. கிரீஸ் வாங்கியாச்சு. போட்டும் கத்துகிறது, சனியன்.

கமலா அவன் பையில் முறுக்கு வைத்துக் கட்டுகிறாள். "கடுமைன்னா என்னங்க? அடிப்பாங்களா?" எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன்.

மார்கழி 6, ஞாயிறு

பனி. ஏழு மணிக்கே கார். செந்தில் குளித்து, தலை சீவி, பையோடு வாசலில் நின்றான். முதல் நாள் பள்ளிக்கூடம் போனபோதும் இப்படித்தான் நின்றான். பையை வாங்கிக் கமலாவிடம் கொடுத்தேன்.

"அவன் வரலை குமரேசா. நீ இட்லி சாப்பிட்டுட்டுப் போ."

"என்ன அத்தான் விளையாடுறீங்களா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வாய் வலிச்சா நிறுத்திடும்."

"உட்காருடா, சட்னி அரைச்சிருக்கேன்" என்றாள் கமலா. அவள் குரலே மாறியிருந்தது. குமரேசன் சாப்பிடாமல் போய்விட்டான். கோபம்தான். பொங்கலுக்கு வராமல் எங்கே போவான்?

பிறகு செந்திலிடம் கேட்டேன், டாக்டரம்மா என்னிடம் கேட்டதை. "ராத்திரி தூங்குறியாடா?"

"இல்லப்பா."

தோளில் கை வைத்தேன். எலும்பு தட்டுப்பட்டது. உடைந்து அழுதான். நானும்தான்.

மதியம் மணி மூன்று. கூடத்தில் பாயில் தூங்குகிறான், வாயைத் திறந்துகொண்டு. சாப்பிடக்கூட எழுப்பவில்லை. வயலுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். பம்ப் செட் போட்டால் விழித்துக்கொள்வான். நாளைக்கு இறைத்துக்கொள்ளலாம்.