ஈஸ்ட்டைக் கொன்ற பால்

என்னங்க,

பன்னுக்குப் பாலை எவ்வளவு சூடு பண்ண வேண்டும் என்று கேட்டுவர, நம் பேக்கரி வேன் டிரைவரை அக்கா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நான் இங்கே வந்து நான்கு நாளாக ஒரு போன் இல்லை. பால் விஷயத்துக்கு மட்டும் ஆள் வருகிறது! பாவம், அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார்.

சொல்கிறேன். பால் பொங்கக் கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்ததும் இறக்கிவிட வேண்டும். அப்படிக் காய்ச்சிய பாலில்தான் பன் மெத்தென்று வரும். ஆனால் விரலை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்வரை ஆறவிட வேண்டும். பதினோரு வருடமாக நான் அதன் பக்கத்தில் சும்மா நின்றது அதற்காகத்தான்.

திங்கட்கிழமை நீங்கள் என்ன செய்தீர்கள்? "இவ ஆறவைக்கிறதுக்குள்ள கடை திறக்கிற நேரம் ஆயிரும்" என்று கொதிக்கக் கொதிக்க ஈஸ்ட்டில் ஊற்றினீர்கள். ஈஸ்ட் செத்தது. மாவு எழும்பவே இல்லை. பள்ளிக்கூட விழாவுக்குப் பன் வாங்க வந்தவர்கள் சத்தம் போட்டதும், வேலை செய்யும் மூன்று பேர் முன்னால் என்னைக் கைகாட்டி, "இவளுக்குப் பதம் தெரியல" என்றீர்கள். பதமா? எனக்கா?

"அவர் ஒரு போன் பண்ணியிருந்தா போயிருப்பேதானே?" என்று அக்கா கேட்டாள். நான் காகிதத்தை எடுத்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நாளைக் காலை வருகிறேன். அந்த மூன்று பேரையும் நிற்க வைத்து, ஈஸ்ட்டைக் கொன்றது யார் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் மாவில் கை வைப்பேன்.

இப்போதைக்கு,
உங்கள் மனைவி