காலை நோவு நடிப்பில்லை, மச்சாள்

முந்தநாள் ஓட்டோவில் பெரியக்காவோடு நெருங்கி இருந்தபோது அவவின் முழங்காலிலிருந்து நோவுத் தைலம் மணத்தது. அதே மணம், மச்சாள். கொட்டாஞ்சேனை வீட்டில் நீர் விரல்களுக்குப் பூசிக்கொண்டு குசினிக்குள் வந்தால், "சாப்பாடெல்லாம் நாறுது" என்று மூக்கைப் பொத்தினவ இந்தப் பெரியக்காதான். நான் சீலையைச் சரிசெய்துகொண்டு வெளியே கடலைப் பார்த்தேன். எனக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது.

எங்கே போனோம் என்றால், மூட்டுவாத டொக்டர்மாரின் மாநாட்டுக்கு. என் விரல்களுக்கும் இப்போது உம்முடைய வருத்தம்தான். நான் மருந்தெடுக்கிற கிளினிக்கில், பின்னேரம் நோயாளிகளும் வந்து கேட்கலாம், துணைக்கு ஒராளைக் கூட்டி வரலாம் என்றார்கள். என் பேத்தி வர வெளிக்கிட்டாள். இல்லை, பெரியக்காதான் வரவேணும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். "முழங்காலுக்கும் ஏதும் சொல்லுவினம். தேத்தண்ணியோட கேக்கும் இருக்காம்" என்றவுடன் நல்ல சீலையாக எடுத்துக் கட்டினா.

எங்கள் தம்பியைக் கட்டி அந்த வீட்டுக்கு வந்த காலத்தில் உம்முடைய கைகள் எவ்வளவு வடிவு! முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் விரல் நோவு தொடங்கியது. விடிந்தால் எங்கள் வீட்டில் இடியப்பம். உரலை அமத்த ஏலாமல் நீர் சுவரில் சாய்ந்து நிற்பீர். மத்தியானமானால் அதே கையால் ஒழுங்கைப் பெட்டைகளுக்கெல்லாம் தலை பின்னிப் பூ வைத்து விடுவீர். அதைக் கண்டுதான் பெரியக்கா சொன்னா: "விடிய வருத்தக்காரி, மத்தியானம் மகாராணி. வேலை முடியேக்க நோவும் முடிஞ்சு போகுது பாருங்கோ." வீடே சிரித்தது. தம்பியும் சிரித்தான். அதையும் நான் மறக்கவில்லை.

"வெயில் ஏறினாப்பிறகுதான் என்ர விரல் முழிக்குது, மச்சாள்" என்று என்னிடம் மட்டும் சொன்னீர். நான் நம்பினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நம்பி என்ன, நம்பாமல் என்ன? பிறகு விரல்கள் கோணிப்போய்க் கிடந்தபோது நடிப்பென்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கவும் இல்லை. உம்முடைய செத்தவீட்டில், உம்மைக் கிடத்தியிருக்க, பெரியக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னா: "வேலைக்குக் கள்ளி. ஆனா நல்ல மனம்." அன்றைக்குப் பிடித்த கோபம், மச்சாள்.

மண்டபத்தில் பனி கொட்டுகிற மாதிரிக் குளிர். டொக்டர்மார் இங்கிலீசில் பேசப் பேச, காதில் மாட்டித் தந்த கருவியில் தமிழ் வந்தது. பெரியக்கா இடைக்கிடை கண்ணயர்ந்தா. நான் முழங்கையால் இடித்து எழுப்பினேன். கேள்வி நேரம் வந்தவுடன் கையைத் தூக்கினேன். அந்தக் குளிரில் மைக்கைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து அமத்திக்கொண்டு எழும்பினேன்.

"டொக்டர், ஒரு பிள்ளை விடிய எழும்பினா இடியப்ப உரலை அமத்தமாட்டுது. மத்தியானம் அதே கையால தலை பின்னுது. இது வருத்தமோ, நடிப்போ? எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

மேடையில் இருந்த இளம் தமிழ் டொக்டரம்மா நிமிர்ந்து பார்த்தா. "நடிப்பே இல்லை, அம்மா. இந்த வருத்தத்தின்ர குணமே அதுதான். படுத்து எழும்பினவுடன மூட்டு இறுகிக் கிடக்கும், அசைய அசைய இளகும். நாங்களே நோயாளியளிட்ட முதல் கேக்கிறது, காலமை எப்பிடி இருக்குது எண்டுதான். ஏன், ஆரும் நடிப்பெண்டு சொன்னவையோ?"

"சொன்னவ இதில பக்கத்திலதான் இருக்கிறா."

மண்டபமே சிரித்தது, மச்சாள்! அன்றைக்கு உம்மைப் பார்த்துச் சிரித்த மாதிரியே சிரித்தது. பெரியக்கா என் தொடையில் கிள்ளினா. கிள்ளட்டும். சிம்மாசனத்தில் ஏறுகிற மகாராணி மாதிரி மெதுவாகக் கதிரையில் இருந்தேன்.

கேக்கை அவ தொடவில்லை. திரும்பி வருகையில் பம்பலப்பிட்டி தாண்டும்வரை முழங்காலைத் தடவிக்கொண்டு வந்தா. பிறகு, "அவளுக்கு உண்மையாத்தான் நொந்திருக்கு, என்ன?" என்றா.

"ஓட்டோச் சத்தத்தில கேக்கேல்லை, அக்கா."

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டிறன்!" என்று கத்தினா. ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "மொகத அம்மே?" என்று கேட்டார், என்னம்மா என்று. "ஒன்றுமில்லை, நீங்கள் ஓடுங்கோ" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நெஞ்சு நிறையச் சிரித்தேன்.

நேற்று வத்தளையில் இருக்கிற தன் மகளுக்குப் போன் எடுத்து, "உன்ர மாமியார் விடிய கை மடங்கேல்லை எண்டா நடிப்பெண்டு நினையாதை, அது வருத்தமடி" என்று பெரியக்கா படிப்பிக்கிறா, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. நான் பக்கத்தில் போய் நின்றேன். "ஆருக்கு அப்பிடி இருந்ததெண்டும் சொல்லுங்கோ." போனை மற்றக் காதுக்கு மாற்றினா. பிறகு உம்முடைய பெயரைச் சொன்னா.

இதோடு கோபம் போய்விட்டது என்று நினையாதேயும். ஆரையும் கோபிக்கத் தெரியாமலே வாழ்ந்துவிட்டுப் போனீர். உம்முடைய பங்குக் கோபத்தையும் நான்தான் வைத்திருக்கிறேன். விரல் மடங்காவிட்டாலும் அதை இறுக்கிப் பிடிக்க எனக்கு இன்னும் ஏலும்.