ஹெட்போன் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், உன் பக்கமும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "எனக்கு இந்த ஊர் மொழி தெரியும், அதில்தான் பாடம் நடத்துகிறேன்" என்ற ஒரு வரியை வியாழக்கிழமை நான் சொல்லவில்லை. அதற்காக உன் தங்கை இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், நீயாவது முழுக்கக் கேள்.

கல்வியில் இனமும் பன்முகத்தன்மையும் என்று ஒரு மாநாடு. எங்கள் பள்ளியைப் பற்றி நான் பேச வேண்டும் என்று தலைமையாசிரியை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். புதுச் செருப்பு வேறு, வாசலுக்குப் போவதற்குள்ளேயே கடித்துவிட்டது, அவர் முன்னால் உள்ளே போய்விட்டார். அங்கே நின்ற பெண் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள், பெயரைக்கூடக் கேட்கவில்லை, மொழிபெயர்ப்பு கேட்கிற ஹெட்போனைக் கையில் கொடுத்து, காது மந்தமானவரிடம் பேசுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சத்தம் போட்டுக் கடைசி வரிசையைக் காட்டினாள். நான் நன்றி சொல்லி மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டேன். அதில் ஓடியது தமிழும் இல்லை, எந்த நாட்டு மொழியோ. ஒரு அட்சரமும் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

என் வகுப்பில் முடிதிருத்துகிறவர் மகள் ஒருத்தி இருக்கிறாள். பிறந்தது பள்ளிக்குப் பின்தெருவில், வீட்டில் பேசுவதும் இந்த ஊர் மொழியைத்தான். சேர்க்கிற அன்றே முகத்தைப் பார்த்து, வெளிநாட்டுப் பிள்ளை என்று, மொழி தெரியாதவர்களுக்கான உதவி வகுப்பில் போட்டுவிட்டார்கள். நான் கதை வாசிக்கிற நேரமாகப் பார்த்து எழுப்பிக்கொண்டு போவார்கள், அவளும் அப்புறம் என்ன ஆச்சுன்னு நாளைக்குச் சொல்லுங்க டீச்சர் என்றுவிட்டுப் போவாள். தலைமையாசிரியையிடம் கேட்டதற்கு, அந்தப் பிள்ளையே ஒண்ணும் சொல்லலை, உங்களுக்கென்ன வந்துச்சு என்று முடித்துவிட்டார்.

மாநாட்டு இடைவேளையில் அந்தத் தலைமையாசிரியையே பதறிக்கொண்டு ஓடி வந்தார், என்ன டீச்சர் இது, மொழி தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல என்றார். நான் திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை, நிஜமாகவே வாய் வரவில்லை. அதையேதான் சொன்னேன். கழுதை வயசாகுது, எனக்கே வாய் வரலை மேடம், ஏழு வயசுப் பிள்ளைக்கு எங்கேருந்து வரும் என்றேன். பிறகு மேடையில் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை, நன்றாகக் கை தட்டினார்கள். திரும்பும்போது காரில் அவர் ரேடியோகூடப் போடவில்லை.

நீ வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடுவதை நிறுத்து. முடியை வெட்டு, போன படத்தில் உன்னைத் தேடித்தான் கண்டுபிடித்தோம். அப்பாவுக்குத் தனியாக ஒரு போன் போடு, நீ என்னோடு பேசும்போது என் தோளில் காதை ஒட்டிவைத்தே உன் சேதியைப் பிடிக்கிறார். நோய்நொடி அண்டாமல், மனதுக்குப் பிடித்தவர்கள் நடுவில் நன்றாக இரு, கண்ணா.

உன் அம்மா

பி.கு. தபாலில் போடுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. கதை நேரத்தில் உதவி வகுப்பு டீச்சர் வந்தார். முடிதிருத்துகிறவர் மகளை இனி வர வேண்டாம் என்று விட்டுவிட்டு, அவளைப் போலவே இங்கே பிறந்து இந்த ஊர் மொழியே பேசுகிற இன்னொருத்தியை மட்டும் அழைத்துக்கொண்டு போனார்.