ஃபூர்னியே வீட்டுப் பிள்ளை

ஸ்காபரோ,
20.10.1996

அன்பு மகன் றூபனுக்கு,

மடுமாதா உன்னைத் தன் கண்ணுக்குள் வைத்துக் காக்க வேண்டும் என்று மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், தங்கச்சி செரீனா எல்லோரும் உடம்பால் சுகம். மனதாலும் சுகம் என்று வழக்கமாக எழுதுவேன், இந்தமுறை எழுதக் கை வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ராசா. சமைக்கும்போதும் பயம், வேலைக்கு ஏற்றிப்போகும் வான் வண்டியில் மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதும் பயம், பூசையில் முழங்காலில் நிற்கும்போதும் பயம். அதனால்தான் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் கிறிஸ்துநாயகம் அண்ணையின் கையில் கொடுத்து விடுகிறேன். அவரை உனக்குத் தெரியாது, எங்கள் கோவில் பாட்டுக் குழுவில் இருக்கிறவர், முன்பு கனகாலம் பரிஸில் இருந்தவர், பெறாமகளின், தம்பி மகளின், கலியாணத்துக்காக அங்கே வருகிறார். செவ்வாய்க்கிழமை உன் வேலைத்தலத்துக்கே வந்து தருவார். நீ பிளேன் ஏறுவது வெள்ளிக்கிழமை என்றாய். அதற்கு முன் இதைக் கடைசிவரை வாசி, வாசித்துவிட்டுக் கிழித்துவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோனில் எவ்வளவு சந்தோசமாகப் பேசினாய். ஏஜென்சிக்காரன் புத்தகம் தந்துவிட்டான், புதுச்சேரித் தமிழன் ஒருவனின் பிரெஞ்சுப் பாஸ்போட், படத்தில் இருக்கிறவன் உன் சொந்தத் தம்பிபோல இருக்கிறான், பெயர் ஃபூர்னியே என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். நாலு வருடமாக அந்தச் சமையலறையில் கிடந்து நீ பிரெஞ்சு நன்றாகப் பேசுகிறாய், எயார்போட்டில் ஒருவனும் உன்னை மடக்க முடியாது என்று எனக்கு ஒரு தைரியமும் வந்தது. அந்தச் சந்தோசத்தில்தான் நான் பகிடியாக, சரி, அவங்கள் தகப்பன்ர பேர் என்னெண்டு கேட்டா என்ன சொல்லுவாய் என்று கேட்டேன். நீ கொஞ்சமும் யோசிக்காமல், அப்பான்ர பேர் ஃபூர்னியே எண்டு சொல்லுவன், வேற என்ன அம்மா என்று சொன்னாய். எனக்கும் அது சரியான பதிலாகத்தான் பட்டது. அப்பாவும் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, பொடியன் கெட்டிக்காரன் என்று தலையை ஆட்டினார்.

அடுத்த நாள்தான் பக்கத்து வீட்டு ரதி வந்தாள். அவளுடைய தம்பி அலெக்ஸாண்டரை உனக்குத் தெரியும், பரிஸில் நீங்கள் ஒரே கோவிலுக்குப் போகிறவர்கள். அவன் இந்த மாதத் தொடக்கத்தில் இங்கே வர வெளிக்கிட்டு எயார்போட்டில் பிடிபட்டான் என்பது உனக்கும் தெரியும், ஆனால் எப்படிப் பிடிபட்டான் என்பது உனக்குத் தெரியாது, ரதிக்கே இப்போதுதான் லோயர் மூலமாகத் தெரிய வந்திருக்கிறது. அவன் கொண்டுபோனதும் உன்னுடையதைப் போன்ற புதுச்சேரிப் புத்தகம்தான். பிறந்த தேதி, பிறந்த ஊர், புதுச்சேரியில் கடற்கரைத் தெருவின் பெயர் எல்லாம் பாடமாக்கி வைத்திருந்தான். கேட்டவைக்கெல்லாம் பிரெஞ்சில் நல்லாகப் பதில் சொன்னானாம். புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுக்கப்போன பொலிஸ்காரன் கடைசியாக, உன்னுடைய தகப்பன்ர பேர் என்ன என்று கேட்டானாம். இவன் புத்தகத்தில் இருந்த கடைசிப் பெயரைச் சொல்லியிருக்கிறான். அது உங்கட குடும்பப் பேர், அந்த மனுசன்ர பேர் என்ன என்று பொலிஸ்காரன் திருப்பிக் கேட்க, இவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. இன்னொருமுறை கேட்டதும் பயத்தில் வாயிலிருந்து சவிரிமுத்து என்று வந்துவிட்டது. அவனைப் பெத்த தகப்பனுடைய பெயர். அவ்வளவுதான் முடிந்தது. இப்போது அடைத்து வைத்திருக்கிறார்கள், கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்போவதாகச் சொல்கிறார்களாம். கொழும்பில் இறங்கினால் எங்கள் பொடியன்களை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை. ரதி என் குசினிக் கதிரையில் இருந்துகொண்டு, அன்ரி, ஒரு பேரால போயிட்டானே என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதாள். அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றப்போன நான் கோப்பையை அப்படியே வைத்துவிட்டேன். ஏனென்றால் அவன் சொன்ன அதே பதிலைத்தான் முதல்நாள் நீ எனக்குச் சொன்னாய்.

அலெக்ஸாண்டரை மடையன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பெயருக்குப் பின்னால் வருவது தகப்பன் பெயர், இதைத்தானே பிறந்த நாளிலிருந்து பழகி வைத்திருக்கிறோம். நீ றூபன் அருள்நாயகம், அப்பா அருள்நாயகம் நீக்கிலாப்பிள்ளை, நான் கலியாணம் கட்டியபின் எமில்டா அருள்நாயகம். செரீனாவின் பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர், உன் தாய்க்கும் தகப்பனுக்கும் வேறு வேறு பெயராக இருக்கிறதே, அவர்கள் பிரிந்துவிட்டார்களா என்று இரக்கத்தோடு கேட்டாளாம். ஆஸ்பத்திரியில் மிஸ்டர் நீக்கிலாப்பிள்ளை என்று கூப்பிட்டால் அப்பா இன்றைக்கும் திரும்பிப் பார்க்கமாட்டார், செத்துப்போன தன் தகப்பனைக் கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருப்பார், நான்தான் தட்டி எழுப்பி அனுப்ப வேண்டும். உன் சமையலறையில் எல்லோரும் உன்னை அருள், அருள் என்று அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். ஏஜென்சிக்காரனும் எங்கள் ஊரவன்தானே, அவன் புத்தியிலும் இது வரவில்லை. இந்தப் பிழையை நாங்கள் மட்டும்தான் விடுவோம், வேறு சாதி சனம் விடாது.

அந்தப் பெயர் எப்படிப்பட்டது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. செரீனாவை டவுனில் இருக்கும் பெரிய லைபிரரிக்கு அனுப்பினேன். பிரெஞ்சுப் பாடத்துக்கு என்று சொல்லிக் கேட்டு வாசித்துவிட்டு வந்தாள். அந்தக் காலத்தில் பிரான்சில் ஊருக்கு ஒரு பொதுப் போறணை இருக்குமாம், சனமெல்லாம் மாவைக் குழைத்துக்கொண்டுபோய் அதில்தான் பாண் சுடவேண்டுமாம், அந்தப் போறணையைப் பார்த்துக்கொண்டவனைத்தான் ஃபூர்னியே என்று அழைத்தார்களாம். ஊருக்கு ஊர் போறணை இருந்ததால் ஊருக்கு ஊர் ஃபூர்னியேயும் இருந்திருக்கிறான், இன்றைக்குப் பிரான்சில் மெத்தப் பரவலான பெயர்களில் அதுவும் ஒன்றாம். பரிஸ் ரெலிபோன் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது, மொன்றியல் புத்தகத்தைத் திறந்தால் அதிலும் அப்படித்தான். அம்மா, இட்ஸ் குட், இவ்வளவு பேர் இருக்கேக்க ஒருத்தரும் கவனிக்கமாட்டினம் என்று அவள் சொன்னாள். அப்பா அதைக் கேட்டு, என்ர மகன் போறணைக்காரனாகிட்டான் என்று பகிடி விட்டார். திருவிழாச் சனத்துக்குள் ஒருவனை யார் தேடப் போகிறார்கள் என்று நினைத்து எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த மூச்சும் நிலைக்கவில்லை. மிசிசாகாவில் நான் பிளேனுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் எங்களுக்கு மேலே ஒரு சுப்பவைசர் இருக்கிறாள், லின் என்று கியூபெக்காரி. நல்ல மனுசி. அவளுடைய சட்டையில் குத்தியிருக்கும் பெயர்த் தகட்டை நான் இவ்வளவு காலமும் வாசித்ததில்லை, செரீனா அந்தப் பெயரைப் பற்றிச் சொன்னபிறகுதான் பார்க்கிறேன், ஃபூர்னியே. மகளுக்குப் பள்ளிக்கூட வேலை என்று பொய் சொல்லி, உந்தப் பெயர் எங்கேயிருந்து வந்தது என்று அவளிடம் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று ஆகிவிட்டது. மனுசிக்கு முகம் மலர்ந்துவிட்டது. முந்நூறு வருடத்துக்கு முந்திக் கப்பலில் வந்த கிழவனிலிருந்து தொடங்கி, எந்த ஆற்றங்கரையில் காணி எடுத்தான், எத்தனை பிள்ளைகள் என்று இடைவேளை முழுக்கச் சொன்னாள். தன் சொந்தக்காரர் எல்லா இடமும் இருக்கிறார்கள், தபால் கந்தோரில் ஒருத்தி, பொலிஸில் ஒருத்தன் என்றாள். எங்கே ஒரு ஃபூர்னியேயைக் கண்டாலும் நீ எந்தப் பக்கத்து ஃபூர்னியே, உன் தகப்பன் யார் என்றுதான் முதலில் கேட்பார்களாம். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்களும் ஒரு தமிழனைக் கண்டால் அதைத்தானே கேட்கிறோம், எந்த ஊர், ஆரின்ர மகன் என்று. பரவலான பெயர் என்றால் ஒளிக்க இடம் என்று நினைத்தேன் ராசா, அது சொந்தம் கொண்டாட வருகிறவர்கள் நிறைந்த பெயர். பரிஸில் உன் புத்தகத்தைப் பிடிக்கிற பொலிஸ்காரனின் பெண்சாதியோ மாமியோ ஒரு ஃபூர்னியே இல்லை என்று யார் சொல்வது? அவன் சந்தேகத்தில் கேட்கவேண்டாம், சந்தோசத்தில் கேட்டாலே போதும்.

கிறிஸ்துநாயகம் அண்ணையிடமும் விசாரித்தேன். அவர் பரிஸில் புதுச்சேரிச் சனத்தோடு வேலை செய்தவர். அந்தக் காலத்தில் புதுச்சேரியில் சிலபேர் தங்கள் சாதி வழக்கத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியபோது ஆளுக்கொரு குடும்பப் பெயர் எடுத்தார்களாம், அன்றைக்கு எடுத்த பெயர்தான் பேரன் பூட்டன்வரை எல்லாருக்கும். தகப்பன், தாய், அண்ணன், தங்கச்சி எல்லோரும் ஃபூர்னியேதான், அதற்கு மேலே ஆளாளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அப்படியென்றால் அந்தப் பிள்ளையைப் பெத்த ஃபூர்னியேக்கும் ஒரு பெயர் இருக்கும், அது சூசையோ அந்தோனியோ. சரி, நீ ஏஜென்சிக்காரனை நெருக்கி அதைக் கேட்டுப் பாடமாக்குகிறாய் என்று வை. தாயின் பெயர் கேட்டால்? தாய் பிறந்த வீட்டுப் பெயர் கேட்டால்? எத்தனையைத்தான் பாடமாக்குவாய்? பயம் வந்தால் பாடமாக்கியது நிற்காது, பழகியதுதான் வாயில் வரும். அலெக்ஸாண்டருக்கு வந்தது போல.

அதனால் சொல்கிறேன் மகன், வராதே. உன்னைக் கண்ணால் பார்த்து ஆறு வருடம், உனக்காக ஒழுங்குபடுத்திய அறையில் கட்டிலை விரித்து வைத்திருக்கிறேன், ஆனாலும் வராதே. உன் அகதி வழக்கின் மேல்முறையீடு அங்கே இன்னும் முடியவில்லை. இந்தப் புத்தகத்தோடு நீ பிடிபட்டால் அந்த வழக்கையும் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று ரதியின் தம்பிக்குப் பேசுகிற அந்த லோயரே சொல்லியிருக்கிறார். இங்கே உன்னை ஸ்பொன்சர் செய்ய உனக்கு வயது கடந்துவிட்டது, அது எங்கள் தலைவிதி. ஆனால் எங்களுக்கு இந்த வருடம் சிற்றிசன் கார்ட் வந்துவிட்டது. உண்மையான பாஸ்போட் எடுத்துக்கொண்டு நாங்கள் அங்கே வந்து உன்னைப் பார்க்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் இருவரும் இந்தக் கிழமை முழுக்க இதைப் பற்றித்தான் சண்டை. அவர் உன்னைப் பார்க்கவேண்டும் என்ற ஒரே பிடியில் நிற்கிறார். நீ வந்து இறங்கினால் போட என்று குளிர்ச்சட்டை வாங்கி அலுமாரியில் மாட்டிவிட்டார். அவனை வரவேண்டாமெண்டு என்ர வாயால சொல்லமாட்டன், ஆரின்ரயோ பேரை அப்பன் பேரெண்டு சொல்லட்டும், எனக்கென்ன குறையப்போகுது என்று கத்தினார். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. பிறகு செரீனா, அப்பா, அவனைக் கொழும்புக்கு அனுப்பினா என்ன செய்வீங்கள் என்று ஒரு கேள்வி கேட்டாள். அவர் எழும்பி அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியும். எழுதி முடித்ததும் அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஒட்டுவேன், அவருக்குத் தெரியாமல் உனக்கு ஒன்றும் அனுப்பமாட்டேன்.

புத்தகத்தை ஏஜென்சிக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிடு, அவன் கத்தினால் கத்தட்டும், நீ எதிர்த்துப் பேசாதே. உன்னோடு அறையில் இருக்கும் பொடியன்களுக்கும் இந்தத் தகப்பன் பெயர் விசயத்தைச் சொல், அவர்களிலும் யாரோ ஒருவன் புத்தகத்துக்குக் காத்திருப்பான். வழக்குக்குக் கூப்பிடும் நாளில் ஒழுங்காகச் சவரம் செய்துகொண்டு போ. வேலைத்தலத்தில் மிஞ்சியதைச் சாப்பிடாமல் ஒருவேளையாவது சோறு ஆக்கிச் சாப்பிடு. உனக்கு மிளகாய்த்தூளும் பனம்பழத்துப் பினாட்டும் கிறிஸ்துநாயகம் அண்ணையிடம் கொடுத்திருக்கிறேன், அவர் கலியாண அவசரத்தில் மறந்தாலும் நீ கேட்டு வாங்கு. படுக்கமுன் ஒரு செபம் சொல்லிப் படு. செவ்வாய்க்கிழமை இரவு எனக்குக் கோல் எடு, வேறு ஒன்றும் பேசவேண்டாம், கொடுத்துவிட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

ஆண்டவர் உன் காலடி இடறாமல் உன்னை நடத்துவாராக. மாதா தன் முந்தானைக்குள் உன்னை மூடிக்கொள்வாளாக. உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடும்,

அம்மா
எமில்டா

தம்பி, வாசித்தன். அம்மா சொல்லுறதுதான் சரி. நீ வரவேண்டாம், நான் வாறன். பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க நாளைக்குப் போறன்.

அப்பா